எட்டு மில்லிமீட்டர் துளை

லாமராவின் வேனுக்கு வயது இருபத்தேழு.
ஜப்பானில் யாரோ ஓட்டிச் சலித்துக்
கப்பலேற்றி விட்ட டெலிகா.
ஸ்டியரிங் வலப்பக்கம்.
ஜார்ஜியா முழுக்க இடப்பக்கம்.
முந்திச் செல்ல வேண்டுமென்றால்
அருகில் இருக்கும் பயணிதான்
எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

எஞ்சினை இருமுறை பிரித்துக் கட்டியாயிற்று.
கியர்பெட்டி, செத்துப்போன ஒரு பஜேரோவுடையது.
மேஸ்தியாவில் எதற்கும் ஆள் உண்டு,
எதற்கும் வெல்டிங் உண்டு.
இழுப்புக் கதவின் உட்பலகை மட்டும்
போன ஜனவரியில், மைனஸ் இருபத்திரண்டில்,
பட், பட், பட்டென்று
பிடி விட்டது.

கிளிப்.
சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு.
கறுப்பு பிளாஸ்டிக்கில் ஒரு குட்டி ஃபிர் மரம்.
அடுக்கடுக்காய்க் கிளை விரித்து
தலைகீழாய்த் துளைக்குள் போகும்.
போனால் வராது.
வந்தால் கிளையில்லாமல் வரும்.
ஊரைச் சுற்றி மலைமலையாய் அதே மரம்தான்,
ஒன்றுகூட அளவில் சேராது.

பிப்ரவரி, மார்ச், ஏப்ரல்:
கடகடகடகட.
போலந்திலிருந்து வந்த மலையேறிகள்
வரைபடத்தை மடித்துச் செருகிப் பார்த்தார்கள்.
வியாழன்தோறும் பாலாடைக்கட்டி மூட்டையோடு
ஸுக்திதி சந்தைக்குப் போகும் சியூரி
யாரும் கேட்காமலே அந்தக் கதவோரம் உட்கார்ந்து
முழங்காலால் பலகையை அழுத்திக்கொண்டாள்.
நான்கு மணி நேரம்.
டிக்கெட் காசும் கொடுத்தாள்.

மே மாதம் லாமரா திபிலிசிக்குப் போனாள்,
உடைந்த மூன்றைத் தீப்பெட்டியில் போட்டுக்கொண்டு.
எலியாவா சந்தையில்
முதல் கடையில் சிரித்தார்கள்.
இரண்டாவதில் முழுக் கதவையே விற்கப் பார்த்தார்கள்.
மூன்றாவதில், "இதெல்லாம் யாரம்மா வைத்திருப்பான்,
பசை போட்டு ஒட்டு."
நான்காவது தாரியேல்.
தீப்பெட்டியைத் திறக்கவே இல்லை.
"உடைந்ததை வைத்து நான் என்ன செய்ய?
துளை என்ன அளவு?"

துளையை அவள் கொண்டுவரவில்லை.

ஆற்றோரம் நின்ற வேன்வரை
மழையில் கூடவே நடந்து வந்தான்.
மண்டியிட்டான்.
வெர்னியரின் மூக்கை உள்ளே விட்டான்.
"எட்டு. தகடு மெல்லிசு. தலை பதினாறு வேணும்."
திரும்பிப் போய் நாற்பது இழுப்பறைகளில்
முப்பத்தெட்டாவதைத் திறந்தான்.
ஏதோ ஒரு ஓப்பலின் பின்பக்கக் கம்பளத்துக்கானதாம்.
சாம்பல் நிறம்.
ஒன்று முப்பது தெத்ரி.
இருபது வாங்கினாள், ஆறு லாரி.
(அந்த ஊரில் லாரி என்பது பணம்.)
டீசலுக்கு ஆனது இருநூற்று எழுபது.
சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம்:
ஸ்வான் மொழியில் இதை எப்படிச் சொல்வார்களோ,
லாமரா வாய்விட்டுச் சொன்னதை
நான் இங்கே எழுத முடியாது.

அங்கேயே வைத்துப் பலகையைக் கழற்றினாள்.
உள்ளே பனிக்கால மண், ஒரு யென் நாணயம்,
மேல் மூலையில் இரண்டு கிளிப்புகள் வெள்ளை நிறத்தில்,
பொருந்தாத தலையோடு, கறுப்பு டேப் சுற்றி.
ஆக, சொந்த ஊரிலேயே
யாரோ தேடிக் கிடைக்காமல்
இதுபோதும் என்று அழுத்தியிருக்கிறார்கள்.
அவற்றைப் பிடுங்கக் கை போயிற்று.
ஆட்டிப் பார்த்தாள். ஆடவில்லை.
விட்டுவிட்டாள்.
மற்ற பதினொன்றும்
உள்ளங்கையின் ஒரு குத்துக்கு ஒன்றாய்
இறங்கின.

வியாழக்கிழமை சியூரி ஏறினாள்.
முழங்கால் தானாகப் போய்ப் பலகையில் பதிந்தது.
கைஷி தாண்டும்போது
வண்டி ஓடுகிறதா என்று கேட்டாள்.
"கிளிப் போட்டாச்சு, காலை எடு" என்றாள் லாமரா.
எடுத்தாள். ஒரு வளைவுக்குப் பிறகு
திரும்ப வைத்தாள்.

மிச்சம் ஒன்பது
மிட்டாய் டப்பாவில், டாஷ்போர்டு அறைக்குள்.
குழிதோறும் கலகலக்கின்றன.